மாத்திரையும் மூலிகையும் ஒரே தராசில்: எண்டோமெட்ரியோசிஸ் குறிப்புகள்

எண்டோமெட்ரியோசிஸுக்குக் கொடுக்கும் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையின் அட்டை பாதியில் நிற்பது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில். வலிக்கென்று கொடுத்த மாத்திரை, வலி குறையும் முன்பே திட்டுத் திட்டாக இரத்தக் கசிவைக் கொண்டுவருகிறது. மாதம் மூன்று நாள் இருந்தது பதினைந்து நாளாகிவிட்டதே என்று பயந்து அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அசோகப்பட்டைக் கஷாயம் ஆரம்பமாகிறது. அது இரண்டு வாரம். பிறகு யாரோ சொன்ன மஞ்சள் கேப்ஸ்யூல். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "இங்கிலீஷ் மருந்தும் கேக்கல, நாட்டு மருந்தும் கேக்கல" என்பார்கள். கேட்கிற அளவுக்கு இரண்டில் எதுவுமே உள்ளே போயிருக்காது.

ஹார்மோனா, இயற்கையா என்று கட்சி பிரித்துப் பேசுவதில் பயனில்லை. எதை எடுப்பதானாலும் மூன்று விஷயத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எதற்காக எடுக்கிறோம் (வலிக்கா, கட்டிக்கா, குழந்தைக்கா), எத்தனை வாரம் கொடுத்துப் பார்க்கப் போகிறோம், பலன் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்லப் போகிறோம். கஷாயத்துக்கும் அதே கேள்விதான், ஊசிக்கும் அதே கேள்விதான்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, சினைப்பையிலும் கர்ப்பப்பைக்குப் பின்புறத்திலும் குடல், சிறுநீர்க்குழாய் மீதும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. உலகில் மாதவிலக்கு வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தத் திசு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்வது. சினைப்பை அனுப்புவது போதாதென்று அரோமட்டேஸ் என்ற நொதியை வைத்துத் தனக்கான ஈஸ்ட்ரோஜனைத் தானே சமைத்துக்கொள்ளவும் செய்யும். அந்த வளர்ச்சியை அடக்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோனின் பேச்சை இந்தத் திசு சரியாகக் கேட்பதும் இல்லை. ஒரே மாத்திரை ஒருத்திக்கு வலியை முழுக்க அடக்குவதும் இன்னொருத்திக்குப் பாதிகூட அடக்காததும் இதனால்தான்.

ஹார்மோன் மருந்துகள் எல்லாமே செய்வது ஒரே வேலை. இந்தத் திசுவுக்குப் போகும் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பது, அல்லது மாதாமாதம் அது வீங்கிக் கசிவதைத் தடுப்பது. வலி குறையும். சாக்லேட் கட்டி (சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டி) ஓரளவு சுருங்கலாம். ஏற்கெனவே விழுந்த தழும்பும், குடலும் சினைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் கரையாது. மருந்தை நிறுத்தினால் நோய் பெரும்பாலும் திரும்ப வரும். கருத்தரிக்கும் வாய்ப்பை இந்த மருந்துகள் கூட்டுவதும் இல்லை. கரு நிற்க வேண்டும் என்று காத்திருப்பவருக்கு ஆறு மாதம் டைனோஜெஸ்ட் கொடுத்தால் அந்த ஆறு மாதம் வீண்.

"கல்யாணம் பண்ணி வை, ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்" என்று இன்னமும் மருத்துவர் வாயிலிருந்தே வருகிறது. கர்ப்ப காலத்தில் மாதவிலக்கு நின்று சிலருக்கு வலி அடங்கும், அவ்வளவுதான். நோய்க்கு வைத்தியமாகக் குழந்தை பெறச் சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி தெளிவாகவே எழுதியிருக்கிறது. லேப்ரோஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விடுவது) செய்து பார்த்த பிறகுதான் மருந்து என்ற பழைய வரிசையையும் அதே வழிகாட்டி தளர்த்திவிட்டது. அறிகுறியும் ஸ்கேனும் பொருந்தினால் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம்.

"கெமிக்கல்", "இயற்கை" என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு சின்னக் கிளைக்கதை. நம்மூரில் கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் தேதியைத் தள்ளிப்போடப் போடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரை 1951 அக்டோபரில் மெக்சிகோவில் பிறந்தது. மூலப்பொருள், காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த டயோஸ்ஜெனின். இன்று இணையக் கடைகளில் "இயற்கைப் புரோஜெஸ்ட்ரோன்" என்று காட்டுவள்ளிக் கிரீம் விற்கிறார்களே, அதிலும் அதே டயோஸ்ஜெனின்தான். அதைப் புரோஜெஸ்ட்ரோனாக மாற்ற ஆய்வகத்தில் பல படி வேதிவேலை வேண்டும். மனித உடலுக்கு அந்த வித்தை தெரியாது. கிரீமைத் தடவினால் கிழங்குச் சாறு தடவிய பலன்தான்.

இனி டைனோஜெஸ்ட். ஒரு மாத்திரை 2 மி.கி., தினம் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளி விடாமல். அட்டை முடிந்ததும் மறுநாளே அடுத்த அட்டை. மாதவிலக்கின் எந்த நாளிலும் தொடங்கலாம். போட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ கடும் வயிற்றுப்போக்கு வந்தாலோ இன்னொன்று போட்டுக்கொள்ள வேண்டும். மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் ஒன்று, மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்தது. கருத்தடைக்காக இதை நம்பக்கூடாது. ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழி வேண்டும்.

கசிவு ஏன் வருகிறது? டைனோஜெஸ்ட் ஒரு புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்ட்ரோனைப் போல வேலை செய்யும் செயற்கை ஹார்மோன்; அது கர்ப்பப்பைச் சவ்வை மெல்லியதாக்குகிறது. மெலிந்த சவ்வில் நுண்குழாய்கள் நொய்ந்து ஆங்காங்கே உடைகின்றன. மொத்தமாகக் கழன்று விழ அடர்த்தி இல்லாததால் சொட்டுச் சொட்டாக வருகிறது. முதல் மூன்று மாதம் இது சகஜம், பிறகு குறைந்துகொண்டே போகும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் தடயம் அது. இதை மருந்து எழுதும்போதே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள் என்பது என் எண்ணம். கசிவோடு தொடர்ந்து போக முடியாதவர்களுக்கு மருத்துவரே சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் தொடங்கச் சொல்வதுண்டு. நாமாக நிறுத்தி நிறுத்தித் தொடங்கினால் கசிவு இன்னும் ஒழுங்கற்றுப் போகும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனிக்க வேண்டும். கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே அந்தத் திசு ஊடுருவியிருக்கும் அடினோமயோசிஸும், நார்க்கட்டியும் உள்ளவர்களுக்கு டைனோஜெஸ்டில் கசிவு பெருக்காகவே மாறலாம். தொடங்கும் முன் ஸ்கேனில் இவை இருக்கின்றனவா என்று பார்த்து, ஹீமோகுளோபினையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறது, தலை சுற்றுகிறது என்றால் "முதல் மூணு மாசம் இப்படித்தான்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

மற்றத் தொல்லைகள் என்றால் தலைவலி, மார்பு கனத்து வலிப்பது, பரு, மனம் சோர்வது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை. முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்கள் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் மாற்றம் அவர்களைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். 12 முதல் 18 வயதுக்குட்பட்ட பெண்களிடம் ஓராண்டு கொடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு சேர வேண்டிய வயது அது. அந்த வயதில் கேழ்வரகும் (100 கிராமில் கிட்டத்தட்ட 350 மி.கி. கால்சியம்) வெயிலும் வெறும் அறிவுரை கிடையாது, மருந்துச் சீட்டின் ஒரு பகுதி.

இதைவிட மலிவான வழி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை. ஒரு அட்டையில் 28 மாத்திரை. அதில் 21 மட்டும் ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினில் எஸ்ட்ராடயோல் 0.03 மி.கி. மீதி ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில்தான் மாதவிலக்கு வரும், வலியும் வரும். எண்டோமெட்ரியோசிஸுக்கு மருத்துவர் தொடர்ச்சியாக எடுக்கச் சொன்னால், 21 முடிந்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு மறுநாளே அடுத்த அட்டையின் ஹார்மோனைத் தொடங்க வேண்டும். இப்படி மூன்று அட்டை, 63 நாள், பிறகு சில நாள் இடைவெளி என்று போகிறவர்கள் உண்டு. ஒதுக்கிய இரும்பு மாத்திரையைச் சோகை இருந்தால் தனியாக எடுத்துக்கொள்ளலாம். பார்வையில் மின்னல் கோடு வந்து பிறகு தலை வெடிக்கிற வகை ஒற்றைத் தலைவலி, காலில் இரத்தம் உறைந்த வரலாறு, உயர் இரத்த அழுத்தம், 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த இந்த வகையே வேண்டாம். கல்யாணமாகாத பெண்ணின் பையில் மாலா-என் அட்டையைப் பார்த்தால் வீட்டில் எழும் கலவரம் மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலில் இல்லை, ஆனால் அட்டையை நிறுத்த வைக்கும் காரணங்களில் முக்கியமானது அதுவும்.

நோரெதிஸ்டிரோனை மருந்துக்கடையில் நேராக வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நாளுக்கு 10, 15 மி.கி. என்று போகும்போது அதில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினில் எஸ்ட்ராடயோலாக மாறுகிறது. வெறும் புரோஜெஸ்டின்தானே என்று நினைத்தாலும், இரத்தம் உறையும் ஆபத்து உள்ளவருக்கு அது கர்ப்பத்தடை மாத்திரைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பருவும், நல்ல கொழுப்பு குறைவதும் இதில் டைனோஜெஸ்டைவிட அதிகம்.

ஹார்மோன் வளையம் என்று நம்மவர்கள் சொல்லும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் (52 மி.கி., தொடக்கத்தில் நாளுக்கு 20 மைக்ரோகிராம் கசியும்) அடினோமயோசிஸும் பெருக்கும் சேர்ந்தவர்களுக்கு அருமையானது. ஆனால் பலருக்கும் சினைமுட்டை தொடர்ந்து வெளியாகிக்கொண்டுதான் இருக்கும், அதனால் சாக்லேட் கட்டி மீண்டும் வராமல் தடுப்பதில் அதை அதிகம் நம்ப முடியாது. அரசுத் திட்டத்தில் 2017 முதல் கிடைக்கும் அந்தரா கருத்தடை ஊசி (150 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒன்று) வலியைக் குறைக்கும். ஆனால் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது, எலும்பு அடர்த்தியையும் குறைக்கும். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்க ஏறக்குறைய 10 மாதம் ஆகலாம். ஓராண்டில் குழந்தைக்கு முயலப் போகிறவருக்கு அது பொருந்தாது.

லியூப்ரோலைடு ஊசி (மாதம் 3.75 மி.கி. அல்லது மூன்று மாதத்துக்கு 11.25 மி.கி.) பெரிய ஆயுதம். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவையே அடைக்கிறது, தற்காலிக மெனோபாஸ். அடைக்கும் முன் ஒருமுறை தூண்டிவிடும் என்பதால் முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடும். அதைத் தெரியாமல் இரண்டாவது ஊசிக்கே வராதவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். அதனால்தான் கூடவே நாளுக்கு 5 மி.கி. நோரெதிஸ்டிரோன் அசிடேட் போன்ற ஈடுமருந்து கொடுப்பது. வெப்ப அலையும் தூக்கமின்மையும் வந்தபின் தொடங்குவதைவிட முதல் ஊசியோடே தொடங்கிவிடுவது மேல். ஈடுமருந்து கொடுத்தால் பலன் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். எலும்புக்குப் போதுமான, நோய்த் திசுவுக்குப் போதாத அளவு ஒன்று நடுவில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேள்விப்படும் எலகோலிக்ஸ் (அமெரிக்காவில் 2018-ல் அனுமதி), ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரை (எண்டோமெட்ரியோசிஸுக்கு 2022) இரண்டும் அதே உத்தரவை ஊசியில்லாமல், முதல் தூண்டலும் இல்லாமல் அடைப்பவை. கூட்டு மாத்திரைக்குள் ஈடுமருந்து சேர்ந்தே வரும், உச்சவரம்பு 24 மாதம். ஆண் ஹார்மோன் சாயல் கொண்ட பழைய மருந்தான டனசோலை யாராவது இன்றும் எழுதினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். குரல் கட்டைத்துப்போனால் அது திரும்பாமலே போகலாம்.

இனி இயற்கைப் பக்கம். அதற்கு முன் ஒரு கணக்கு. 2010-ல் ஐரோப்பாவில் 198 பெண்களிடம் டைனோஜெஸ்டையும் வெற்று மாத்திரையையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வலியை 100-க்கு அளந்தார்கள். டைனோஜெஸ்ட் எடுத்தவர்களுக்கு 27 புள்ளி குறைந்தது. வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களுக்கு 15 புள்ளி. அதாவது ஒன்றுமே இல்லாத மாத்திரையே பதினைந்து புள்ளியைத் தானாகக் குறைக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லோரும் வைத்தியம் தொடங்குகிறார்கள், உச்சத்திலிருந்து எப்படியும் கொஞ்சம் இறங்கும். கவனிப்பு கிடைத்த ஆறுதலும் கூட சேர்கிறது. எனவே "நான் இதைக் குடித்தேன், பாதி வலி போயிற்று" என்று யாராவது சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் குடித்ததுதான் காரணம் என்று ஆகிவிடாது. ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வையும் இந்தப் பதினைந்து புள்ளியைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

மஞ்சளைத் தொடுவோம், கோபம் வரும் என்று தெரிந்தே. குர்குமின் ஆய்வகத் தட்டில் எண்டோமெட்ரியோசிஸ் செல்களை அடக்குகிறது, உண்மை. பெண்களுக்கு நாளுக்கு இருமுறை 500 மி.கி. என்று எட்டு வாரம் கொடுத்து வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஈரான் ஆய்வில் வலியில் வித்தியாசம் இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அரைத் தேக்கரண்டி போட்ட மஞ்சள்பாலில் ஏறக்குறைய 45 மி.கி. அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம். மஞ்சள்பால் குடியுங்கள், தொண்டைக்கும் தூக்கத்துக்கும் இதமாக இருக்கும். உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சாறு சேர்த்த அதிக அளவுக் கேப்ஸ்யூல்களில்தான் எச்சரிக்கை. கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருப்பது பெரும்பாலும் அவற்றோடுதான். கண் மஞ்சளித்தால், சிறுநீர் தேநீர் நிறமானால் அன்றே நிறுத்த வேண்டும்.

என்-அசிட்டைல் சிஸ்டீன் கொஞ்சம் வேறு கதை. சளிக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 600 மி.கி. பொங்கும் மாத்திரையாக நம் மருந்துக்கடைகளில் இருப்பதுதான். 2013-ல் வெளியான ரோம் ஆய்வில் நாளுக்கு மூன்று முறை 600 மி.கி., வாரத்தில் அடுத்தடுத்த மூன்று நாள் மட்டும், மூன்று மாதம் கொடுத்தார்கள். எடுத்தவர்களின் சாக்லேட் கட்டி சராசரியாக 1.5 மி.மீ. சுருங்கியது, எடுக்காதவர்களுக்கு 6.6 மி.மீ. வளர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் இல்லை, வெற்று மாத்திரையும் இல்லை, எண்ணிக்கையும் நூறைத் தொடவில்லை. சிறிய கட்டி, அவசரம் இல்லை, ஹார்மோன் வேண்டாம் என்று தீர்மானித்தவர் மூன்று மாதம் முயன்று ஸ்கேனில் அளந்து பார்க்க நியாயம் உண்டு. குமட்டும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

தூக்க ஹார்மோனான மெலடோனின் இந்தத் துறையின் நல்ல பாடம். பிரேசிலில் 40 பெண்களுக்கு இரவில் 10 மி.கி. கொடுத்து வலி நன்றாகக் குறைந்ததாக 2013-ல் வந்தது. பத்தாண்டு கழித்து ஸ்வீடனில் 20 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. வைட்டமின் டி-யும் அப்படித்தான். அமெரிக்காவில் 12 முதல் 25 வயது வரை 69 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஆறு மாதம் ஒன்றுக்கு நாளுக்கு 2000 யூனிட் டி, ஒன்றுக்கு மீனெண்ணெய், ஒன்றுக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். டி எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, வெற்று மாத்திரையிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. மீனெண்ணெய்க் குழுவுக்கு அதில் பாதிதான். இரத்தத்தில் டி குறைவாக இருந்தால் எலும்புக்காக எடுங்கள், வலிக்காக எதிர்பார்க்க வேண்டாம்.

அசோகப்பட்டையின் பெரிய சிக்கல் அது எந்தப் பட்டை என்பதுதான். பள்ளிக்கூட மதிலோரம் ஈட்டிபோல் நெட்டுக்குத்தாக நிற்கும், அலை அலையான ஓர இலை கொண்ட மரத்தை நாம் "அசோக மரம்" என்கிறோம். அது நெட்டிலிங்கம். மருந்து நூல்களில் வரும் அசோகு, கிளையோடு ஒட்டி ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பது. தளிர் இலை துவண்டு தொங்கும். அது அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் இருக்கிறது, அதனால் சந்தையில் நெட்டிலிங்கப் பட்டை தாராளமாகக் கலக்கிறது. அசோகாரிஷ்டம் நொதித்துத் தயாராவது, 5 முதல் 10 சதவீதம் ஆல்கஹால் தானாகவே இருக்கும். கல்லீரல் நோய் உள்ளவரும் கருவுற முயல்பவரும் அதை "வெறும் மூலிகை" என்று எடுத்துவிடக்கூடாது. மாதப்பெருக்குக்குப் பரம்பரையாகக் கொடுத்து வந்தது, எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கென்று நல்ல ஒப்பீட்டுச் சோதனை நடக்கவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்டது என்று பேசப்படுவது, ஈஸ்ட்ரோஜனால் வளரும் நோயில் அதை நான் தொட மாட்டேன். வெளிநாட்டுப் பட்டியல்களில் வரும் சேஸ்ட்பெர்ரியை நம் நொச்சி என்று மொழிபெயர்த்து இலையைக் காய்ச்சிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே பேரினம், வேறு செடி. நொச்சி ஆவி பிடிக்க இருக்கட்டும்.

பற்பம், செந்தூரம், ரசம் என்று மருந்தின் பெயரில் வந்தால் உலோகம் இருக்கலாம் என்று அர்த்தம். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருட்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2008-ல் வெளியிட்டபோது ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. ஈயம் எலும்பில் தங்கி, கர்ப்பத்தில் கால்சியத்தோடு சேர்ந்து கரைந்து சிசுவுக்குப் போகும். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகிறவர்கள் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் இல்லாமல் பொட்டலம் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இவ்வளவு சொன்னபின், மருந்தில்லாமல் உண்மையிலேயே பலன் தரும் இரண்டு உண்டு. ஒன்று சூடு. சாதாரண மாதவிலக்கு வலியில், 39 டிகிரி சூட்டுப்பட்டையை நாளுக்கு 12 மணி நேரம் வயிற்றில் ஒட்டியிருந்தது, ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை போட்டதற்கு ஈடாக நின்றது. இதமான சூடு, நீண்ட நேரம் என்பதுதான் சூத்திரம். கொதிக்கும் வெந்நீர்ப் பையைத் துணியில்லாமல் வயிற்றுத் தோலில் நேரே வைத்து மாதாமாதம் சுட்டுக்கொள்பவர்களுக்குத் தோலில் வலைபோலக் கறுப்புப் படர்ந்துவிடுகிறது, அது எளிதில் போகாது. துண்டை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள்.

மற்றது சாப்பாடு, ஆனால் வயிறு ஊதி, மலம் கழிக்கும்போது வலித்து, அறிகுறிகள் குடலைச் சுற்றியே இருப்பவர்களுக்கு மட்டும். குடலில் நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் லோ-ஃபோட்மேப் உணவை ஆஸ்திரேலியாவில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 35 பெண்களிடம் 28 நாள் சோதித்தார்கள், 2025-ல் வெளியானது. வயிற்றுத் தொல்லை குறைந்தது 60 சதவீதம் பேருக்கு, ஒப்பீட்டு உணவில் 26 சதவீதம் பேருக்கு. நோய் அதனால் சுருங்காது. ஊதலும் இழுப்பும் குறையும்.

நம் சமையலில் இதன் பெரிய எதிரி வெங்காயமும் பூண்டும்தான். அவற்றில் உள்ள ஃபிரக்டான் என்ற நொதிக்கும் சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுக் கடைசியில் எடுத்துவிட்டால் பிரயோஜனம் இல்லை, சாறு முழுக்க இறங்கியிருக்கும். நல்லெண்ணெயில் பூண்டைச் சிவக்க வதக்கி, தண்ணீர் சேர்க்கும் முன்பே பல்லை எடுத்துவிட்டால் மணம் கிடைக்கும், தொல்லை வராது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்புறம் பாருங்கள். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, ராஜ்மா, சப்பாத்தி, ரவை, பால், மாம்பழம், காளான், காலிஃபிளவர் நான்கு வாரம் ஒதுங்கட்டும். சோறு, கேரட், கத்தரி, தக்காளி, முட்டை, மீன் தாராளம். நான்கு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாக, மூன்று நாளுக்கு ஒன்று வீதம் திரும்பக் கொண்டுவர வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். நான்கு வாரத்தோடு நிற்காமல் வருடக்கணக்கில் இப்படியே சாப்பிட்டு நார்ச்சத்தும் கால்சியமும் குறைந்துபோவதுதான் இதில் நடக்கும் வழக்கமான தவறு. குளூட்டன் இல்லாத உணவைப் பற்றிய புகழ்பெற்ற இத்தாலிய ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழுவே கிடையாது, மூன்று வேளையும் அரிசி சாப்பிடும் வீட்டில் அந்தக் கேள்வியும் பெரிதாக எழாது.

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு பத்தி, ஏனென்றால் எந்தக் கட்சிக்காரரும் இதைப் போடாமல் இல்லை. மெஃபனாமிக் அமிலம் முதலில் 500 மி.கி., பிறகு ஆறு மணிக்கு ஒருமுறை 250, சாப்பிட்டபின், இரண்டு மூன்று நாள். கர்ப்பப்பையை இறுக்கி வலியைக் கிளப்பும் புராஸ்டகிளாண்டின் உருவாவதைத் தடுப்பது இதன் வேலை, உருவானதை அழிப்பது இதன் வேலை இல்லை. அதனால் துடிக்கும்வரை காத்திருந்து போடுவது தோற்கும். இழுப்பின் முதல் அறிகுறியிலேயே போட வேண்டும். "ஸ்பாஸ்" என்று முடியும் கூட்டு மாத்திரையில் டைசைக்ளோமினும் இருக்கிறது, வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும். குடல்பக்க நோய் உள்ளவருக்கு அந்த மலச்சிக்கலே மறுநாள் வலி. உடலெங்கும் தடிப்பும் காய்ச்சலுமாக வரும் அரிதான கடும் ஒவ்வாமையைப் பற்றி இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்திருக்கிறது, அப்படி வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை.

இரண்டையும் கலந்து எடுப்பது தப்பா? இல்லை, ஒரே நாளில் தொடங்குவதுதான் தப்பு. டைனோஜெஸ்டையும் கஷாயத்தையும் சேர்த்துத் தொடங்கினால் எது கேட்டது, எது கசிய வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொடங்கி எட்டு வாரம் கழித்து அடுத்ததைச் சேருங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாசெபின் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். டைனோஜெஸ்ட் வேலை செய்யாமல் போவதற்கு நம் நாட்டில் யாரும் கேட்காத காரணம் இது. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு மூலிகையாக விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் அதையே செய்யும். மருத்துவரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது மூலிகையை மறைப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

குறிப்பேடு ஒன்று போதும், செயலி தேவையில்லை. ஒரு நாளுக்கு ஒரு வரி. மாதவிலக்கு வலி, மற்ற நாள் வலி, மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது வலி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10. அன்று போட்ட வலி மாத்திரை எத்தனை, வேலைக்கோ கல்லூரிக்கோ போகவில்லையா, கசிவு எவ்வளவு. தொடங்கும் முன் ஒரு முழு மாதம் எழுதிவிட்டே மருந்தைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. மூன்று மாதம் கழித்து சராசரி இரண்டு புள்ளியாவது இறங்கியிருந்தால், அல்லது வலி மாத்திரை பாதியாகியிருந்தால், அது கேட்கிறது. இல்லையென்றால் அது மாத்திரையானாலும் மூலிகையானாலும் விடைகொடுக்கலாம்.

சில இடங்களில் இந்த மூன்று மாதமும் கிடையாது. சிறுநீர்க்குழாயை நோய் நெரித்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிச் சாகலாம், வலியே இல்லாமலும் இருக்கலாம். ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் என்று ஸ்கேனில் வந்தால் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மாதவிலக்கின்போது மலத்தில் இரத்தம், வாந்தியோடு வயிறு இறுகுதல், ஸ்கேனில் கட்டிக்குள் திடமான பகுதி, ஓராண்டு முயன்றும் (35 வயதைத் தாண்டியவருக்கு ஆறு மாதம்) கரு நிற்காமை, இவற்றில் எதற்கும் கஷாயமும் டைனோஜெஸ்டும் முதல் பதில் ஆகாது. சாக்லேட் கட்டிக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானால், போகும் முன் ஏஎம்எச் (சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளந்துகொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கட்டியை உரிக்கும்போது நல்ல முட்டைத் திசுவும் கொஞ்சம் கூடவே வந்துவிடும்.

குழந்தைக்கு முயலத் தீர்மானித்தால், டைனோஜெஸ்டை நிறுத்திய இரண்டு மாதத்துக்குள் பொதுவாக மாதவிலக்குச் சுழற்சி திரும்பிவிடும். அதே நாளில் கஷாயம், அரிஷ்டம், அதிக அளவுக் கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள். உலோகம் கலந்த மருந்து எப்போதாவது மாதக்கணக்கில் எடுத்திருந்தால் இரத்தத்தில் ஈயத்தின் அளவை முயற்சிக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.